எந்த 'வரேன்'?

கண்ணாடி: காலையில இருந்து அந்த நெட்டைக் கொக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலடி. வலையைக் கடல்ல இறக்கும்போதுகூட மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

குண்டூசி: ஏன் பேசுவான்? நேத்து சாயங்காலம் கப்பல் மேல்தளத்துல ரெண்டு மணி நேரம் நின்னான்ல.

கண்ணாடி: எதுக்கு?

குண்டூசி: உனக்காக.

கண்ணாடி: நான் எப்போடி நிக்கச் சொன்னேன்?

குண்டூசி: படியிறங்கும்போது அவன்கிட்ட என்ன சொன்ன?

கண்ணாடி: ஒண்ணும் இல்ல. "சரி, நான் வரேன்"னுட்டுக் கீழ... ஐயோ!

குண்டூசி: ஐயோதான்.

கண்ணாடி: கிளம்புறேன்னுதானே அதுக்கு அர்த்தம்!

குண்டூசி: உனக்கும் எனக்கும். அவன் பாஷையில வரேன்னா நிஜமாவே வருவாங்களாம். சாப்பாட்டு மணி அடிச்சும் ஆள் நகரல.

கண்ணாடி: நீ பார்த்துட்டுச் சும்மாவா இருந்த?

குண்டூசி: கொக்கு நிக்கிறது அழகாத்தானே இருந்துச்சு...

கண்ணாடி: பாவி! லேபிளை நேரா ஒட்டு. அது அறுநூறு மீட்டர் ஆழத்துத் தண்ணி, ஆராய்ச்சிக்குப் போறது.

குண்டூசி: பேச்சை மாத்தாத. இன்னும் கொஞ்ச நேரத்துல துறைமுகம் வந்துடும். அவனும் அவங்க காலேஜ் பசங்களும் இறங்கிடுவாங்க.

கண்ணாடி: அதான் ஒரு மாதிரியா இருக்கு.

குண்டூசி: அலையா?

கண்ணாடி: அலை முதல் வாரத்தோட பழகிடுச்சு. இது... நாப்பது நாள் ஒண்ணா வலை இழுத்தோம். அவன் எனக்குக் கயித்துல முடிச்சுப் போடக் கத்துக்கொடுத்தான், நான் அவனுக்குத் தமிழ். கடைசியில கோவத்தோட போகப் போறானேன்னு கஷ்டமா இருக்குடி.

குண்டூசி: நீ சொல்லிக்கொடுத்த தமிழ்ல என்னை அக்காங்குறான். கப்பல்ல இருக்குற அத்தனை பொண்ணுங்களையும் அக்காங்குறான். உன்னை மட்டும் ஏன் அப்படிக் கூப்பிடல?

கண்ணாடி: மறந்திருப்பான்.

குண்டூசி: ஆமாமா. ஞாபக மறதி.

கண்ணாடி: சிரிக்காத! தண்ணி சிந்துது பாரு... யாரு கதவுகிட்ட?

கொக்கு: நான். உள்ளே வரலாமா, அக்கா?

குண்டூசி: வாப்பா. குனிஞ்சு வா, இன்னிக்காவது தலையை இடிச்சுக்காத.

கண்ணாடி: கொக்கு, நேத்து நான் சொன்னது... எங்க தமிழ்ல வரேன்னா போறேன்னு அர்த்தம். போறேன்னு சொன்னா நல்லா இருக்காதுன்னு அப்படிச் சொல்லுவோம். சத்தியமா உன்னை நிக்க வைக்கணும்னு நினைக்கல. மன்னிச்சுக்கோ.

கொக்கு: எனக்குத் தெரியும்.

கண்ணாடி: எது தெரியும்?

கொக்கு: அந்த வரேன். அக்கா முதல் வாரமே சொன்னாங்க.

கண்ணாடி: அடியே குண்டூசி!

குண்டூசி: எனக்கு இந்தப் பாட்டிலெல்லாம் அடுக்கணும்...

கண்ணாடி: தெரிஞ்சுமா ரெண்டு மணி நேரம் நின்ன?

கொக்கு: ஒருவேளை இந்த முறை நிஜமா வருவீங்களோன்னு... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நின்னேன்.

கண்ணாடி: அப்புறம் காலையில ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட?

கொக்கு: பார்த்தா உளறிடுவேன். கடிதம் வராம சொல்லக் கூடாதுன்னு ராத்திரி முடிவு பண்ணேன். இப்போதான் மெயில்ல வந்துச்சு.

கண்ணாடி: என்ன கடிதம்?

குண்டூசி: நான் எதுவும் எழுதிக் கொடுக்கலப்பா. அவன் எழுதி அனுப்பினதுல எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்.

கண்ணாடி: ரெண்டு பேரும் சேர்ந்து என்னடி பண்றீங்க?

கொக்கு: கப்பல் கரைக்கு வந்துடுச்சு. பசங்க கூப்பிடுறாங்க. நான்... வரேன்.

கண்ணாடி: இரு! இது எந்த வரேன்?

கொக்கு: பெட்டியோட வர்ற வரேன். உங்க பேராசிரியர் உங்க ஆய்வகத்துல எனக்கு இடம் கொடுத்துட்டார். ரெண்டு வருஷம்.