ஆசிரியராக, ஆசிரியர் ஆக

அனைவரும் ஒரு நிமிடம் அமைதி காக்க வேண்டுகிறேன். ஆம்பூர் வட்டாரத்தையே அதிரவைக்கும் அவசரச் செய்தியை அறிவிக்கும் துயரக் கடமை அடியேன் தலையில் விழுந்திருக்கிறது. இன்று காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், கணக்கு ஆசிரியரின் நாற்காலி தன் நான்கு கால்களில் ஒன்றை இழந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. எப்படி இருக்கும்? அந்த நாற்காலியில் ஒன்றரை வருடமாக ஆளே இல்லையே!

ஆசிரியர் தின விழாவின் தலைமையை அணிசெய்யும் தலைமையாசிரியை அக்தரி பேகம் அம்மையார் அவர்களே! வேலூர்ப் பக்கமிருந்து வெயிலையும் வேகத்தடையையும் வென்று வந்திருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வர், சிறப்பு விருந்தினர் ராஜகோபால் ஐயா அவர்களே! ‘ஐந்தே நிமிடம்’ என்று கண்ணாலேயே மணியடிக்கும் தமிழாசான் கோவிந்தசாமி ஐயா அவர்களே! கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய பசைகூடக் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! விழா முடிந்ததும் பிரியாணி என்று நம்பி வந்திருக்கும் பெரியோர்களே! அது வதந்தி. கிளப்பியவனை எனக்குத் தெரியும், ரொம்ப நல்ல பையன். உங்கள் அனைவருக்கும் ஆல்வினின் அன்பு வணக்கம்!

நான் யார்? விண்ணப்பம் நிரப்புவதில் வித்தகன். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று எங்கள் தெருவுக்கே எடுத்துச் சொல்பவன். நான் நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு பிழை, ஒரே ஒரு பிழை காட்டுங்கள், பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன். என்ன கௌதம்? மீசையே இல்லையா? வரும்டா, அதுக்கும் விண்ணப்பிச்சிருக்கேன்!

அப்படிப்பட்ட நான், வேறு வேலையில் இருப்பவர் வாத்தியார் ஆவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இன்னா வழின்னு கேக்கறீங்களா? கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள்.

அதோ மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவையில், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர் ஹெலன். பி.எஸ்சி. கணிதம். நான் பிறந்த வருடம் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் லைனில் பதினேழு வருடம். தையல் என்றால் தமிழில் பெண் என்றும் பொருள் என்பார் கோவிந்தசாமி ஐயா. தையல் தைக்கும் அந்தத் தையல், என் தாய்!

போன வருடம் என் கணக்கு நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக வெள்ளி நிறத்தில் வட்டங்கள். தோலில் குறை தெரிந்தால் கம்பெனியில் குறி போடுவார்களே, அந்த வெள்ளிப் பேனா.

“இன்னாம்மா இது, நோட்டுக்கு நகை போட்டிருக்க?”

“தோல்ல முள்ளு கீறியிருந்தா வட்டம் போடுவோம்டா. அதுக்குன்னு தோலையே தூக்கிப் போட்டுடுவாங்களா? அந்த எடத்தை மட்டும் விட்டுட்டு வெட்டுவாங்க. உன் கணக்குல மூணாவது வரிதான் கீறல். மீதியெல்லாம் நல்ல தோல்.”

சபையோரே, சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டவர்கள் பலரைப் பார்த்தவன் நான். ‘மீதியெல்லாம் நல்ல தோல்’ என்று என்னைப் பார்த்துச் சொன்னவர் யார்? ‘தேறாதவன்’ என்றார்கள். ‘தேய்ந்த செருப்பு’ என்றார்கள். ‘நல்ல தோல்’ என்றவர் யார்? அந்தக் கணக்கைத் திருத்திக் காட்டியதும் ரப்பரால் ஒரு தேய்ப்பு, வட்டம் மறைந்துவிடும். தவறு நடந்ததே நோட்டுக்கு மறந்துபோகும்!

பக்கத்து மெஷின் ஹுமேரா அக்காவின் மகள் நிஷா, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை சறுக்கினாள். டீ நேரத்தில் கழிவுத் தோல் துண்டில் முக்கோணம் வரைந்து வரைந்து கொடுத்தனுப்பினார் அம்மா. மூன்றாம் முறை எழுபத்தொன்று! கை தட்டுங்கள். ஹுமேரா அக்கா, நீங்க விசிலே அடிக்கலாம்.

தோல் இருக்கிற ஊர் இது, தோல்வி இருக்கலாமா? சோல் ஒட்டுகிற கை சொல் கற்பிக்கக் கூடாதா? ஊசியில் நூல் கோத்தவர் நூலைக் கையில் எடுக்கக் கூடாதா? இங்கே ஆளில்லாத நாற்காலி, அங்கே நாற்காலியில்லாத ஆள். நடுவே என்ன தடை?

அதைத்தான் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு வேலூர் அஞ்சல் வழிக் கல்வி அலுவலகத்துக்குப் போய், அம்மாவும் நானும் கேட்டோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் கேட்டார்.

“அஞ்சல் வழி பி.எட்.டா? இப்ப எந்த ஸ்கூல்ல டீச்சரா இருக்கீங்க?”

“ஸ்கூல்ல இல்ல சார். ஷூ கம்பெனி.”

“இது ஏற்கெனவே டீச்சரா இருக்கறவங்களுக்கும்மா.”

“டீச்சர் ஆகத்தானே சார் வந்திருக்கேன்?”

“அப்ப ரெகுலர்ல சேருங்க. ரெண்டு வருஷம், தெனமும் போகணும்.”

தினமும் போகணும். தினமும் போனால் லைனில் யார் உட்காருவார்? வீட்டில் உலை யார் வைப்பார்?

கோவிந்தசாமி ஐயா, இலக்கணக் குறிப்பு கேட்பீர்களே, இதோ. ‘ஆசிரியராக’ என்று சேர்த்து எழுதினால், ஏற்கெனவே அந்த இடத்தில் இருப்பவர். ‘ஆசிரியர் ஆக’ என்று பிரித்து எழுதினால், அங்கே போய்ச் சேர ஏங்குபவர். நடுவில் இருப்பது வெறும் ஓர் இடைவெளி. பார்த்தால் விரல்கடை அகலம்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் ஐயா, எங்கம்மா பதினேழு வருஷமா நிக்கறாங்க!

திரும்பி வரும்போது வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. உள்ளே மணி அடித்தது. அம்மா சட்டென்று எழுந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார்.

“எறங்கறியாம்மா?”

“இல்லடா. ஷிஃப்ட் மணின்னு நெனச்சிட்டேன்.”

ஷிஃப்ட் மணிக்குக் கொசுவம் சரிசெய்பவரை இந்தத் தோல் வட்டாரத்தில் யாராவது பார்த்ததுண்டா?

ராஜகோபால் ஐயா அவர்களே! தேர்வை எளிதாக்குங்கள் என்று கேட்கவில்லை. தகுதித் தேர்வை ‘டெட்’ என்கிறார்கள், பெயரைக் கேட்டாலே எனக்கு உயிர் போகிறது, எங்கம்மாவுக்குப் போகாது. பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பயிற்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள்! ஷிஃப்ட் முடிந்தபின் ஒரு மாலை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு வகுப்பு, பயிற்சி எடுக்க இதே பள்ளியில் ஒரு கரும்பலகை. உங்களால் முடிவு செய்ய முடியாது என்று தெரியும். முடிவு செய்பவர்களின் கதவு உங்களுக்குத் தெரியுமே, தட்டுங்கள்! பாதை போடுங்கள், எங்கள் ஊர் நடந்து வரும். நடப்பதற்குத்தானே ஐயா, ஊர் உலகத்துக்கெல்லாம் நாங்கள் ஷூ தைக்கிறோம்!

செவிசாய்த்த சபைக்கும், மணியடிக்காத தமிழுக்கும், மைக்கைப் பிடுங்காத மாண்புக்கும் என் நன்றி. வணக்கம்.

ஒரு நிமிஷம். இறங்குவதற்கு முன் அந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். கைதட்ட வேண்டாம், நிறுத்துங்க.

வேலூர் போய் வந்த மறுவாரம், அம்மாவுக்குத் தெரியாமல் அந்த அஞ்சல் வழி விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேன். ‘தற்போதைய பணி’ என்ற கட்டத்தில் ‘ஆசிரியர்’ என்று எழுதினேன். அதுதான் நான் கண்டுபிடித்த வழி. நேற்றுக் கடிதம் வந்தது, எந்தப் பள்ளி, பணிச்சான்று எங்கே என்று. அம்மா என்னைத் திட்டவில்லை. நான் எடுத்து வைத்திருந்த நகலில் அந்த ஒரு சொல்லைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டார். “இது பொய்டா. பொய் சொல்லிட்டு உள்ள போய், பசங்களுக்கு நான் இன்னா சொல்லிக் குடுப்பேன்? வர்ற சனிக்கிழமை போய் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்” என்றார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வந்த கடிதத்துக்கு அதுதான் பதில்.

வித்தகன் என்றேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீசை வந்ததும் பாதியை எடுத்துவிடுகிறேன். பிழை என்னுடையதுதான் ராஜகோபால் ஐயா, அம்மா மீது எதுவும் எழுதிவிடாதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பொய் எழுதுகிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மா, எறங்கி வர்றேன். எல்லார் எதிர்லயும் அடிக்காத.