புகைக்கொட்டகையின் மூக்கு

மேடையிலே அமர்ந்திருக்கின்ற கூட்டுறவுச் சங்கத் தலைவர் பாவ் ஷௌஷான் அவர்களே! பெற்ற தாயை நேற்று மலைச்சரிவில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கின்ற அருமைத் தம்பி யான்ஷெங் அவர்களே! தாங்குய் என்கிற நம் மருந்து வேரைத் தோண்டிய கையோடு, நகக்கண்ணில் மண்ணோடு, நெஞ்சிலே வெள்ளைக் காகிதப் பூவோடு வந்து கூடியிருக்கின்ற ஐம்பத்தெட்டுக் குடும்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! மறைந்த நம் புகைக்கொட்டகைத் தலைவி ஹௌ குய்ஃபாங் அம்மையாரின் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்து எழுந்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் லாங் தெஷுன். முப்பத்தோரு ஆண்டுகளாக அந்த அம்மையாருக்குக் கீழே கொட்டகையில் தீ பார்க்கிறவன். அவர் வாயால் அதிகம் திட்டு வாங்கியவன் யார் என்று இந்த மண்டலத்தில் போட்டி வைத்தால், இரண்டாம் இடத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியும். எனக்கும் என்னைத் தெரியும். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்படி அடுப்புக்குழியில் ஈர விறகை அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன். இன்று புகை போட ஆரம்பித்து ஒன்பதாம் நாள். இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில், பரண்களின் மேல், நம் அத்தனை பேரின் ஓராண்டு உழைப்பும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. இன்னும் ஐந்து நாள் மெல்லிய புகை வேண்டும். தீ எழுந்து நாக்கை நீட்டினால் போதும், வேர் கருகிக் கட்டையாகிவிடும். அப்புறம் எந்த மருந்துக்கடைக்காரன் தொடுவான்? எந்த வீட்டில் பிள்ளைபெற்றவளுக்கு அதைப் போட்டு ஆட்டுக்கறி சூப் வைப்பார்கள்? ஒருவரும் வைக்க மாட்டார்கள்!

அன்பர்களே! எண்பத்தோரு வயது. பேரன் பேத்தி கண்டு, கொள்ளுப்பேத்தியின் கன்னத்தையும் கிள்ளி, வாயில் நான்கே பல்லை வைத்துக்கொண்டு போன மாதம்வரை எலும்பு கடித்தவர். இதற்குப் பெயர் கல்யாணச் சாவு. அழுகிறவர்கள் தாராளமாக அழுங்கள். ஆனால் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவர் ஒரு நாளும் அடக்கியதில்லை.

அந்தக் கந்தகப்பொடி வியாபாரியை யார் மறந்திருக்கிறீர்கள்? பதினான்கு நாள் புகை எதற்கு, என் பொடியைக் கொளுத்தி வையுங்கள், ரெண்டே நாளில் வேர் வெளுத்துப் பளபளக்கும் என்று வந்தானே, மூட்டை நிறையக் கந்தகத்தோடு! நம்மில் பாதிப்பேருக்கு வாயில் எச்சில் ஊறியது. ஊறவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்! எனக்கும் ஊறியது. அம்மையார் என்ன செய்தார்? சண்டை போட்டாரா? இல்லை. “வாங்கய்யா, தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, தேநீர் குடிங்க” என்று உட்கார வைத்தார். அவனுடைய பொடியிலேயே ஒரு பிடி எடுத்து அடுப்பில் போட்டு, அந்தப் புகையிலே கிண்ணத்தைக் காட்டி, அவன் முன்னால் நீட்டினார். அவன் இருமுகிறான், கண்ணைக் கசக்குகிறான், “என்னம்மா இது, மனுசன் குடிக்கிறதா?” என்கிறான். அம்மையார் சொன்னார்: “குடிங்க. ரெண்டே நாள்ல நீங்களும் பளபளன்னு ஆயிடுவீங்க.” மூட்டையைக்கூட விட்டுவிட்டுப் போனான்! இன்றைக்கும் நம் வேர் பழுப்பு நிறம்தான். அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் நம் ஊரைத் தேடி வருகிறார்கள்.

அப்படிப்பட்டவர் என்னை மட்டும் ஏன் அப்படித் திட்டினார்? நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை கொட்டகை வாசலில் வந்து நிற்பார். ஒரு மூச்சு இழுப்பார். உடனே ஊருக்கே கேட்கும்படி, “டேய் கிழட்டுக் கழுதை!” அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கிழவனே அல்ல. இப்போதுதான் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக வளர்ந்திருக்கிறேன். சில நாள் “தூங்குமூஞ்சி!” சில நாள் “ஊரைக் கெடுக்க வந்தவனே!” என் வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டாள். “என் புருஷன எப்படிக் கழுதைன்னு சொல்லலாம்?” என்றாள். அம்மையார் நிதானமாக, “தப்புத்தாம்மா. கழுதை கேட்டா கோவிச்சுக்கும்” என்றார். என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். கூடவே நாலு ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன். தலைவர் அவர்களே, நாற்காலியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மூக்கு கிடையாது.

முகத்தில் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. வேலைதான் செய்யாது! இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. தீ பார்க்கிறவனுக்கு மூக்கில்லை என்றால் எவன் வேலைக்கு வைப்பான்? அந்த வருடம்தான் ஆலங்கட்டி மழை என் வயலைத் தட்டையாக்கியிருந்தது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. வாயை மூடிக்கொண்டு, புகையின் நிறத்தைப் பார்த்தே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் கொட்டகைக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அம்மையார் வந்தார். சட்டைக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “தெஷுன், ஏதாச்சும் வாடை வருதா?” என்றார். நான் நெஞ்சு நிறைய இழுத்து, “அருமையான வாசம் அக்கா! இந்த வருஷம் வேர் நல்லா வந்திருக்கு!” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் காலடியைப் பார்த்தார். அங்கே ஒரு எலி செத்து மூன்று நாளாகக் கிடந்தது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அவரும் பரண் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டுவிட்டு வந்து சொன்னார்: “ஊருக்குத் தெரிய வேணாம். தீயைக் கட்டி ஆளுறதுக்கு உன்னை விட்டா ஆளில்ல, உன் கை நல்ல கை. மூக்குக்கு நான் இருக்கேன். கிழட்டுக் கழுதைன்னா ஈர விறகு போடு. தூங்குமூஞ்சின்னா கட்டுகளைப் புரட்டு. ஊரைக் கெடுக்க வந்தவன்னா கனலைக் குறை. புரியுதா?” நான் கேட்டேன், “தீயை அணைக்கிறதுக்கு என்ன அக்கா?” அவர் யோசித்துவிட்டு, “போய்த் தொலைன்னு சொல்றேன்” என்றார்.

அது திட்டா, அன்பர்களே? இருபத்திரண்டு ஆண்டு என் வீட்டில் அடுப்பெரிந்ததே, அது திட்டினாலா? நான் போய்த் தொலையும்படி அவர் சொன்ன ஒவ்வொரு ஆண்டும் உங்கள் வேர் பக்குவமாக இறங்கியது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போவேன். நீங்கள் பாவப்பட்டு என்னைப் பார்ப்பீர்கள். எங்களுக்கு அதில் ஒரு தனிக் குஷி!

இந்த ஆண்டு என்ன ஆனது? புகை போட ஆரம்பித்த அன்றே அவரை மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூக்கில்லாமல் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் மருமகள் சாய்சியாதான் வந்தாள். “சித்தப்பா, தினமும் மூணு வேரைத் துணியில கட்டிக் குடுங்க. அத்தை மோந்து பாத்துச் சொல்றதை வந்து சொல்றேன்” என்றாள். கொடுத்தேன். மதியப் பேருந்தில் போவாள், சாயங்காலம் வருவாள். என் முன்னால் நின்று, கையைப் பிசைந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொல்வாள்: “சித்தப்பா, மன்னிச்சுக்கோங்க. அத்தை உங்கள கிழட்டுக் கழுதைன்னு சொல்லச் சொன்னாங்க.” இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கழுதை என்றதில்லை!

ஆறாம் நாள் அம்மையார் போய்விட்டார். ஏழாம் நாள் காலை, துக்க வெள்ளை உடுத்திக்கொண்டு சாய்சியா கொட்டகை வாசலுக்கு வந்தாள். “போறதுக்கு முன்னாடி அத்தை தூங்குமூஞ்சின்னு சொல்லச் சொன்னாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுகளைப் புரட்டினேன். எட்டாம் நாளும் வந்தாள். “ஊரைக் கெடுக்க வந்தவன்னு, அதையும் அன்னைக்கே சொல்லிட்டாங்க.” கனலைக் குறைத்தேன். செத்துப்போனவர் இரண்டு நாளாக என்னைத் திட்டுகிறார், எனக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை! அந்தப் பெயர் சும்மாவா வைத்தார்கள்?

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது தம்பி யான்ஷெங் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அம்மாவுக்குக் கடைசி ஆறு நாளும் மூக்குல குழாய் சித்தப்பா. ஒரு வாசனையும் தெரியல.” நான் நடுவழியில் நின்றுவிட்டேன். “அப்போ அந்த வேர்?” என்றேன். “அதுவா? முதல் நாளே அம்மா அவ காதுல ஏதோ சொல்லிக் குடுத்தாங்க. சாய்சியா தாழ்வாரத்துல நின்னு மோந்துக்கிட்டே இருப்பா. அம்மா அவளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க.”

பெரியோர்களே! நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இதே முற்றத்தில், சங்கக் கூட்டத்தில், மூலைப் பரணில் பூஞ்சை வாடை வருகிறது என்று, மலைக்குக் கீழே கோதுமை விளைகிற ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் எழுந்து சொன்னாள். நாம் என்ன செய்தோம்? “கீழ்நாட்டுக் கோதுமைக்காரிக்கு வேரைப் பத்தி என்னம்மா தெரியும்?” என்று ஒருவர் கேட்டார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மேடையில் உட்கார்ந்து இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், எலி நாற்றம் தெரியாத நான்! மூன்றாம் நாள் அந்தப் பரணில் பூஞ்சை பூத்தது. ஒருவராவது அவளிடம் போய், தாயே, தப்பாகிவிட்டது என்று சொன்னோமா? சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாயை அவள் அத்தையின் பெயரைச் சொல்லித்தான் திறந்தாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கட்டும்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இன்று காலை அவள் வரவில்லை. அத்தை சொன்னதாகச் சொல்ல இனி அவளுக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. என்னிடம் கை இருக்கிறது, மூக்கு இல்லை. அம்மா சாய்சியா, எங்கே இருக்கிறாய்? அந்தத் தூணுக்குப் பின்னால்தானே? தலையை ஆட்டாதே. ஊர் உன்னைக் கேட்கிறது. தலைவர் அவர்களே, ஊர் கேட்கிறதா இல்லையா? வானத்தில் ஒன்றுமில்லை, கீழே பாருங்கள்! பார்த்தீர்களா, தலைவர் எழுந்து அவள் பக்கம் திரும்பிக் குனிகிறார். என் ஆயுளில் பார்க்காத காட்சி! அம்மா, இப்போதாவது ஒரு வார்த்தை சொல். ஹௌ குய்ஃபாங் அம்மையார் ஒரு பெரிய மனுஷி. அவர் எனக்காகச் செய்ததை நீ இந்த ஊருக்காகச் செய். அவரைப் பற்றி நான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில்…

“சித்தப்பா, போதும், நிறுத்துங்க!”

யாரது? சாய்சியா, நீயா? சத்தமாகச் சொல்லம்மா!

“ஒரு மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சு! ஈர விறகு தீந்துபோச்சு, தீ எந்திரிக்குது, காந்துற வாடை வருது!”

அப்படியா? இது… இது அத்தை சொல்லச் சொன்னதா?

“யாரும் சொல்லச் சொல்லல! நான்தான் சொல்றேன்! ஓடு, கிழட்டுக் கழுதை!”

கேட்டீர்களா, அன்பர்களே! கேட்டீர்களா! அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று நாம் உறுதிமொழி எடுக்க வேண்டிய நேரம் இது. எடுத்தாகிவிட்டது, எடுத்தவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அக்கா, படத்துக்குள்ளிருந்து சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வருகிறது. தலைவர் அவர்களே, வாளியை எடுங்கள்! வழி விடுங்கள் எல்லோரும், வழி விடுங்கள், என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்!