மத்தேயுவின் வலக்கால்

பனங்காயில் தோய்த்தால் வெள்ளைத் துணி மஞ்சளித்துப் போகும். சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் உடுபுடவைக்கு அது போதும். காயத்துக்குக் கட்டுகிற துணிக்கு ஆகாது. அதனால் என் மனுசனுடைய கட்டுத்துணிகளை நான் தனிப் பானையில் சாம்பல் தண்ணீர் விட்டு அவித்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈ மொய்க்காத இடமாகப் பார்த்து வெயிலில் விரிப்பேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற மிஸ்ஸிமார் மற்றப் பெண்களுக்கு என்னைத்தான் காட்டுவார்கள். "மார்கிறட் அக்கா கட்டியிருக்கிறதைப் பாருங்கோ. இப்பிடியெல்லோ கட்டவேணும்" என்பார்கள். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தங்கச்சி. பிறகு சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவள் ஊத்தைக்காரி என்று யாரும் நினைக்கக் கூடாது.

என் மனுசன் மத்தேயுவுக்கு ஊரில் நல்ல பெயர். வலை இழுத்து இறுகின உடம்பு. கோயில் திருநாளுக்குக் கொடிமரம் நடுவதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாராயம் தொடமாட்டார். குடித்துவிட்டு அடிக்கிறவன் விடிந்ததும் மறந்துபோவான் என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். இவர் குடிவெறி இல்லாமல் அடித்தார். அதனால் எதையும் மறக்கவில்லை.

திருக்கை மீனின் வால் உங்களுக்குத் தெரியும்தானே. காய்ந்தால் சாட்டைபோல வளையும், அரம்போல அறுக்கும். அது பட்ட இடம் லேசில் ஆறாது. நீர்கோத்து, சீழ்ப்பிடித்து, கடைசியில் கறுத்த கோடாக நிற்கும். எங்கள் வீட்டில் அது கூரைத்தடியில் செருகியிருந்தது. ஆனால் அதற்கு இருந்த வேலை குறைவு. அவருடைய வலக்காலுக்குத்தான் வேலை கூட. இடக்காலை மணலில் நன்றாக ஊன்றிக்கொண்டு உதைப்பார். வள்ளம் தள்ளும்போதும் அப்படித்தான் ஊன்றுவார். எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, சோறு குழைந்துவிட்டதென்று ஒருநாள் அப்படி ஊன்றினார். பெண்பிள்ளை. சேமக்காலையில் மேற்குப் பக்கம், வேலியோரமாகப் புதைபட்டுக் கிடக்கிறாள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை.

ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கே போவது? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஆமி. நடுவில் இருந்த சனமெல்லாம் ஏற்கெனவே ஓடிவந்த சனம். அம்மா வீட்டார் மன்னார்ப் பக்கம் இடம்பெயர்ந்து, உயிரோடு இருக்கிறார்களோ என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி பிறகு தேவைப்படவில்லை. அவருக்குக் கால் போனது.

முல்லைத்தீவு ஆமி முகாம் விழுந்த பிறகு சனம் தங்கள் பழைய வளவுகளைப் பார்க்கப் போய்வரத் தொடங்கியது. நாங்கள் இடம்பெயர்ந்து நாயாற்றில் குடிசை போட்டிருந்தோம்; எங்கள் பழைய வீடு முகாமுக்குக் கிட்ட இருந்தது. சுவர் ஒன்றும் நிலைக்கதவு ஒன்றும் மிஞ்சியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கதவைக் கழற்றிவரலாம் என்று சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வளவுக்குள் புல் இடுப்பளவு. "நீ இதிலை நில்" என்றார். நான் நின்றேன். கொஞ்சத்தூரம் போனார். மிதிவெடிச் சத்தம் நீங்கள் நினைக்கிறதுபோலப் பெரிதில்லை. மண் சிதறி என் முகத்தில் விழுந்தது.

வலப்பாதத்தைக் காணவில்லை. கெண்டைக்கால் வெடித்த பலாப்பழம்போலப் பிளந்து, உள்ளே வெள்ளை எலும்பு கூராக நின்றது. "மார்கிறட், என்னை விட்டிட்டுப் போயிடாதை" என்றார். அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் கேட்டதில்லை. அவர் மிதித்துப் போன அடையாளத்தின்மேல் மிதித்துப் போனேன். சேலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். ஒரு தடியைச் செருகி முறுக்கினேன். நான் அப்போது திரும்பி நடந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் திரும்பி நடக்கவில்லை. இதை வடிவாக எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். நித்திரை இல்லாமல் கண் சிவந்த மனிதர். "முழங்காலைக் காப்பாத்திப்போட்டன். அது பெரிய விசயம், அம்மா. முழங்கால் இருந்தா பொய்க்கால் போட்டு எல்லா வேலையும் செய்யலாம். ஈரம் நிக்கக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. புண் திரும்பக் கிளம்பினா மருந்துக்கு நான் எங்க போறது? இனி இது உங்கட கையிலைதான்" என்றார்.

என் கையில். அதுவரைக்கும் என் கையில் யாரும் எதையும் தந்ததில்லை.

நாயாற்றுக்குத் திரும்பி வந்த பிறகு இருந்த நாட்களைப்போல நான் வேறு நாட்களைக் கண்டதில்லை. அவரைத் தூக்கி இருத்துவேன், குளிக்க வார்ப்பேன், வெளிக்குப் போக எடுத்துப் பிடிப்பேன். இல்லாத கால் அவரை ஆட்டிப்படைத்தது. "பெருவிரல் கடிக்குது, மார்கிறட். தாங்கேலாமல் கிடக்கு" என்பார். விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் பாயை, நான் நகத்தால் சொறிந்துவிடுவேன். அவருக்குச் சுகமாக இருக்கும். கண்ணை மூடுவார். சில நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நான் உனக்குச் செய்ததுக்குத்தான் மாதா இப்பிடித் தண்டிச்சவா" என்பார். நான் முதலில் சாப்பிட்டுவிட்டு அவருக்குக் கொடுத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். ஊன்றுகோல்களை எட்டாத மூலையில் சாத்திவைப்பேன். விழுந்துவிடுவார் என்ற அக்கறையில்தான். வேண்டுமானால் என்னைக் கேட்பார். "ஒருக்கா எடுத்துத் தாவன், ராசாத்தி" என்று கேட்பார்.

பக்கத்துக் குடிசையில் மாயாண்டியும் ஞானேஸ்வரியும் இருந்தார்கள். மலைநாட்டுப் பக்கத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலை. மாயாண்டிக்கும் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் கால் போனது. அவன் பொய்க்கால் போட்டுக்கொண்டு, தலையில் மீன்கூடையோடு மணலில் நடப்பான். ஒருநாள் வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தி, தன் பொய்க்காலைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.

"தொட்டுப் பாருங்கண்ணே. மொதல்ல எனக்கும் செத்துரலாம்னுதான் இருந்திச்சு. ஒங்களுக்கு முட்டி இருக்குல்ல? முட்டி இருந்தாப் போதும். புண்ணு காஞ்சதும் அளவெடுப்பாங்க. கடலுக்கே எறங்கலாம்ணே."

மத்தேயு அந்தக் காலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அதன் பாதம் கறுப்பு ரப்பர். வலக்கால்.

அன்று பின்னேரம் அவர் பாட்டுப் பாடினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "கால் மட்டும் வரட்டும், பாரன்" என்றார். "உன்னைக் கூட்டிக்கொண்டு மடு மாதா கோயிலுக்கு நடந்து வாறன் எண்டு நேர்த்தி வச்சிருக்கிறன்."

அவர் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். எனக்கு முதலாவது மட்டும் கேட்டது.

முதலில் நான் ஒன்றுமே செய்யவில்லை. கழுவிய பிறகு துடைக்காமல் கட்டினேன், அவ்வளவுதான். அது காணாது என்று தெரிந்தபோது, மீன் வெட்டிக் கழுவின தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து உள்ளுக்கு வைத்தேன். அதன் மேலே அவித்துக் காய்ந்த வெள்ளைத் துணியைச் சுற்றினேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மீன் மணம்தான். தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, மினுங்கியது. பிறகு வாய் திறந்து பச்சையாக வடிந்தது. காய்ச்சலில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் பக்கத்திலேயே இருந்து நெற்றியில் ஈரத்துணி போடுவேன். அந்தத் துணி சுத்தமானது.

டொக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு துப்பரவா வச்சிருக்கிறியள். என்னெண்டு இப்பிடி?" என்றார். பிறகு அவரே, "ஈயும் கடல்காத்தும்தான்" என்று தலையை ஆட்டினார். ஏற்கெனவே வரிசையில் கிடந்த காயக்காரருக்கே மயக்கமருந்து போதாமல் இருந்தது. முழங்காலுக்கு மேலே வைத்து அறுத்தார்கள். பாதியில் மயக்கம் தெளிந்துவிட்டது. நான் வாசலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அறுக்கிற வாள் எலும்பில் ஏறுகிற சத்தமும் அவருடைய சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் வாள் சத்தம் மட்டும் கேட்டது.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னுடைய எண்ணமும் அவ்வளவுதான். முழங்கால் போனால் நடக்க முடியாது என்று டொக்டரின் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் மாயாண்டி திரும்பவும் வந்தான். "முட்டியில்லாதவங்களுக்கும் மடக்குற மாதிரிக் கால் செய்றாங்கண்ணே. பழகக் கஷ்டம். ஆனா நடக்கலாம்" என்றான். அவர் அன்றிலிருந்து பயிற்சி செய்யத் தொடங்கினார். மிஞ்சின தொடையை உயர்த்தி உயர்த்தி இறக்குவார். வியர்த்துக் கொட்டும். வேதனையில் உதடு வெளிறும், விடமாட்டார். அந்தத் தொடை திரளத் தொடங்கியதை நான் பார்த்தேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது.

மீன் தண்ணீரை நான் திரும்ப எடுத்தேன்.

ஒரு மத்தியானம், ஆண்கள் எல்லாரும் கடலில். ஞானேஸ்வரி தூரத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பிருந்த குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து சட்டியில் துணியை நனைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவர் தெரிந்தார். ஊன்றுகோல் இல்லாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். தானாக எழும்பி நின்றதை எனக்குக் காட்டத்தான் வந்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.

"அது மீன் கழுவின தண்ணியெல்லோ, மார்கிறட்" என்றார்.

அவர் சட்டியைப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்தார். அவர் சத்தம்போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "முதல் தரமும் நீதானோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் கதவுநிலையை விட்டார். விழுந்து, கைகளை ஊன்றி, ஞானேஸ்வரியின் பக்கமாக மணலில் ஊரத் தொடங்கினார். என்னைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. மூச்சு வாங்க வாங்க, ஒற்றைக்காலால் உந்தி உந்திப் போனார். நான் உள்ளே போய்க் கூரைத்தடியிலிருந்து திருக்கைவாலை உருவிக்கொண்டு வந்தேன். தூசி படிந்திருந்தது. தட்டிவிட்டேன். அவர் வாயை என் சேலைத் தலைப்பால் அடைத்துவிட்டு, கட்டை அவிழ்த்தேன். வெட்டின முனையில் மட்டும்தான் அடித்தேன். வேறெங்கும் அடிக்கவில்லை. தொடையில் இருக்கிற கோடுகள் அவர் நெளிந்ததால் விழுந்தவை. தையல் பிரிந்து, சதை இரண்டாக விரிந்து, எலும்பின் வட்டம் தெரிந்தது. மணல் இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. என் கை ஓய்ந்தபோது நிறுத்தினேன். அவர் எனக்கு அடித்ததெல்லாம் சேர்த்தால் அது ஒரு நாளுக்கும் காணாது.

பிறகு அவரை உள்ளே இழுத்து வந்து, சுத்தத் தண்ணீரில் கழுவி, அவித்த துணியால் கட்டினேன். அந்தக் கட்டைப் போல வடிவான கட்டு நான் முன்பு ஒருபோதும் போட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. போகிற வழியில் பாலத்தடியில் வெள்ளம் என்று ஆட்களுக்குச் சொன்னேன். மாரிமழையில் வெள்ளம் நின்றது உண்மை. அதற்குள்ளால் ட்ராக்டர்கள் போய்வந்ததும் உண்மை. மாயாண்டி ட்ராக்டர் பிடித்து வரட்டுமா என்று கேட்டான். அவருக்குச் சுகமாகி வருகிறது என்றேன். உள்ளே அவருடைய பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தைக் குளிர்காய்ச்சல் என்றேன். வாய் திறக்காதபடி நாடி இறுகி, முதுகு வில்லாக வளைந்தது. பேச்சுப் போவதற்கு முன், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், பெருவிரல் கடிக்கிறது என்று முனகினார். நான் பாயைச் சொறிந்துவிட்டேன். அவர் கண்ணை மூடினார்.

பிரேதத்தைக் குளிப்பாட்ட ஞானேஸ்வரி வந்தாள். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கட்டை அவிழ்த்தவள் தொடையைத் தன் பக்கமாகத் திருப்பினாள். "அக்கா, இது என்னா கோடு?" என்று கேட்டாள். என் முதுகை ஒருமுறை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். வெளியே போய் மாயாண்டியைக் கூப்பிட்டாள். அவன் போய்க் காவல்துறையிலிருந்து உங்களைக் கூப்பிட்டான். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

முதல் புண்ணும் நான் செய்தது. இரண்டாவதும் நான் செய்தது. அவரைச் சாகவிட்டதும் நான்தான். யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் உதவவில்லை.

அவருக்குப் பயந்தா செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அவர் இரண்டு காலில் நடந்த காலத்தில் அவருடைய செருப்புச் சத்தத்துக்கே எனக்குச் சிறுநீர் போய்விடும். அந்தக் காலத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் மணலில் ஊர்ந்தபோது எனக்குப் பயம் இருக்கவில்லை, தங்கச்சி. வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது. ஆனாலும் பயத்தில் செய்தேன் என்றே எழுதுங்கள். ஒரு பெண் வேறு எதற்காக இப்படிச் செய்யப்போகிறாள்?