ரஞ்சிதம் அக்காவின் பூந்தொட்டிக்குப் பின்னால்

நாடு மாறிப் போகிறவனுக்கு வாஷிங் மெஷினை யார் தலையிலாவது கட்டுவதுதான் பெரிய வேலை என்பார்கள். எனக்கு அது அரை நாளில் முடிந்துவிட்டது. பெர்த்தில் இருக்கும் மகள் இரண்டு பெட்டிக்கு மேல் ஆகாது என்று சொல்லிவிட்டதால் சோபா, அலமாரி எல்லாம் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. தொல்லை கொடுத்தவை என் டப்பாக்கள்தான்.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் சின்ன டப்பாவை ஊருக்குள் எங்காவது ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் குறித்துவிடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்து, தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு கிடையாது. பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள் வேர்த்து ஒழுக பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நான் தலைவன் மாதிரி. என் வாழ்க்கையின் உயரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

லிட்டில் இந்தியாவில், பிடோக்கில் என்று பல இடங்களில் வைத்திருந்தேன். எல்லாரும் கொண்டாடியது தோ பாயோவில், நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் என் தளத்திலேயே இருந்ததைத்தான். அடுத்த வீட்டு ரஞ்சிதம் அக்காவின் பூந்தொட்டிகளுக்குப் பின்னால், இரும்புக் குழாயில், காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல்நுனி அளவு டப்பா. வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்று விதி உண்டு. 'படிக்கட்டு அருகில்' என்று பதிந்தேன். படிக்கட்டும் அருகில்தான் இருந்தது. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஏன் அங்கே என்று கேட்டால், ஒருநாள் லிஃப்டில் அக்கா நாலு பேர் முன்னால் சொன்னார்: "என்ன ராசு, குப்பைத்தொட்டிக்குப் பின்னால என்னத்தத் தேடிக்கிட்டு இருந்தே? பொழுது போகலன்னா என் செடிக்குத் தண்ணியாச்சும் ஊத்து லா." லிஃப்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரமே ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் காந்தம் வாங்கினேன்.

இந்த விளையாட்டின் தலையாய ஒழுக்கம், வெளியாருக்கு விஷயம் தெரியக் கூடாது என்பது. மாட்டிக்கொண்டால் ஷூ கட்டுவதுபோல் குனிய வேண்டும். ஆகவே அக்கா கதவைத் திறக்கும்போதெல்லாம் எவனாவது தொட்டிக்குப் பின்னால் கையை விட்டிருப்பான். "பூனையத் தேடுறேன் ஆன்ட்டி" என்பான் ஒருவன். "சாரி, ராங் புளோக்" என்பாள் இன்னொருத்தி. ஒரு வெள்ளைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அவரைக் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

அக்கா தன் மகன் கதிரேசனிடம் சொன்னார். அவன் ஒருநாள் முழுக்கத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. ஆள் இருந்தால் திரும்பிப் போய்விட வேண்டும், அதுவும் ஒழுக்கம்தான். பிறகு என் கதவைத் தட்டினான்.

"அங்கிள், யார் யாரோ வந்து தொட்டியத் தடவிட்டுப் போறாங்கன்னு அம்மா சொல்றாங்க. வெள்ளைக்காரன் கும்பிட்டானாம். நீங்க யாரையாச்சும் பாத்தீங்களா?"

"இல்லையே தம்பி. பாவம், வயசாகுதுல்ல."

இரக்கத்தோடுதான் சொன்னேன். டாக்டர் மாத்திரை எழுதினார், மாத்திரையில் அக்கா தூங்கி விழுந்தார், கடைசியில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். செடிகளுக்கு அன்றிலிருந்து நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். கெட்டவன் ஊற்றுவானா?

நான் கிளம்புகிற செய்தி தெரிந்ததும் எங்கள் குழுவில் துடிப்பான பெண் ஹம்னா வந்தாள். வைத்தவர் ஊரை விட்டுப் போனால் இரண்டே வழிதான்: வேறொருவர் பெயருக்கு மாற்றுவது, இல்லையென்றால் ஒரேயடியாக மூடிவிடுவது. "எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க அங்கிள். தோ பாயோவ மட்டும் மூடிடாதீங்க லா. அது லெஜெண்ட்."

அதே வாரம் கதிரேசனும் வந்தான். "அம்மா வீட்டுக்கு வரணும்னு அழுறாங்க அங்கிள். ஒரு வாரம் இங்க வச்சுப் பாக்கறேன். யாரும் வரலன்னு அவங்களே சொல்லிட்டா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா திரும்ப அங்கதான். வீட்டையும் வித்துடுவேன்."

எல்லாப் பக்கமும் யோசித்தேன், குறை சொல்ல முடியாது. இணையப் பக்கத்தில் மூடுகிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே ஒரு தேநீர் குடித்து முடித்தேன். அழுத்தினால் பக்கம் சாம்பல் நிறமாகிவிடும், என் பெயரும் அதோடு சரி. ஹம்னாவுக்குக் கொடுத்தால் டப்பா வாழும், உருவாக்கியவர் கோவிந்தராசு என்று மேலே நிற்கும். அந்தப் பக்கத்தில் என்னை மேதை என்று எழுதியிருக்கிறார்கள். ஆபீசில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை, வீட்டில் பேச்சே இல்லை.

கொடுத்துவிட்டேன். ஹம்னா நல்ல பெண். அன்றைக்கே குழுவில் போட்டாள்: ராசு அங்கிள் கிளம்புகிறார், இந்த வாரத்துக்குள் எல்லாரும் போய் அவருக்காக ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அக்கா வீட்டுக்கு வந்திருந்த அந்த வாரம், கதிரேசன் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் வந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

வார முடிவில் கதிரேசன் என்னைக் கூப்பிட்டான். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தாங்கடா. முன்னைவிட நிறைய பேரு. பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஒருத்தி குழாயப் பாத்து, 'தேங்க்ஸ் ராசு அங்கிள்'ங்கறா." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ராசு. பக்கத்துலதானே இருக்கே. ஒரு ஆளையாச்சும் பாத்திருப்பேல்ல?"

கதிரேசனும் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் சொல்ல மாட்டேனா என்று அவன் ஏங்கியது தெரிந்தது.

"வாரம் பூரா வீட்லதான் இருந்தேன் அக்கா" என்றேன். "யாரும் வரல."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். உள்ளே போய், பிரிக்காமல் வைத்திருந்த பையை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தார். "சரி, வா போலாம்."

அந்த டப்பாவை மூடியிருக்கலாமே என்பீர்கள். ஹம்னா ஆசையாகக் கேட்டதை எப்படி மறுப்பது? எனக்கு யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. பிறவிக் குணம்.