குலுங்காத வேன்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளித் தாளாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சத்தியநேசன் அண்ணனின் துணைவியார் தங்கபாய் அக்கா, பட்டறைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் வினோஜ். மறைந்த மெக்கானிக் சத்தியநேசன் அண்ணனின் எதிர்ப்பட்டறைக்காரன். அவரைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

யார் சத்தியநேசன்? ஓடும்போது நன்றாக இருந்து, வேகம் குறைந்ததும் குலுங்கும் வண்டிகளை நாமெல்லாம் தள்ளிவிட்டோமே, அவற்றை ஏற்றுக்கொண்ட மனிதர்! நாம் பிளக்கை மாற்றுவோம், கார்புரேட்டரைக் கழுவுவோம். அவர் எதையும் கழற்றமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் நசுக்குவார். எதை நசுக்கும்போது குலுக்கல் நிற்கிறதோ, அந்த வழியில்தான் காற்று கசிகிறது. பிரசவத்துக்குப் போன ஒரு கார் தோவாளைப் பூச்சந்தை அருகே வேகத்தடைக்கு வேகத்தடை அணைந்தபோது, கசிந்த குழாயில் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி வரை பைக்கில் பின்னாலேயே போனவர் அவர்!

இந்தப் பள்ளியின் பழைய வேனும் அவரிடம்தான் முதலில் போனது. அன்று அவர் எனக்கு அனுப்பிய ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் வைக்கிறேன். கேளுங்கள்.

"வினோஜ் மக்கா, கேக்கியா? பிரேக்குல காலு வச்சா கூடுதலாக் குலுங்குவு. உஸ்ஸுன்னு மூச்சு இழுக்குவு பாரு. பிரேக் பூஸ்டருக்க உள்ள ரப்பர் கிழிஞ்சாச்சு. ஒருநாள் எறக்கத்துல பெடல் கல்லு மாதிரி நிக்கும். பிள்ளையளு கேறுத வண்டிலே!"

"நீரு என்ன அண்ணே, பேயோட்டவா வந்தீரு?" இது டிரைவர் ராஜகுமார்.

"பேயின்னா எறங்கிப் போவும்டே. இது உனக்க கூடயே வரும்."

சிரிக்கிறார், கேட்டீர்களா? அந்தச் சிரிப்புக்காரர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

தாளாளர் அவர்களே, பிரேக் மிதிக்கும் காலுக்குப் பலம் தருவது அந்தப் பூஸ்டர்; அண்ணன் சொல்லியும் நீங்கள் அதை மாற்றவில்லை. "குலுக்கலை மட்டும் நிறுத்து" என்று வேனை என்னிடம் அனுப்பினீர்கள். நிறுத்தினேன். நான்தான்! கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று முறுக்கினேன். எஞ்சின் வேகம் கூடியது, குலுக்கல் மறைந்தது. பூஸ்டரின் காற்றுக்கசிவு அப்படியே இருந்தது. குலுங்காத வண்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

சத்தியநேசன் சந்தேகப்பட்டார். பிள்ளைகள் இறங்கியபின், "இது எப்பிடிலே அடங்குச்சு?" என்று ராஜகுமாரிடம் கேட்டு, தன் பட்டறைக்குக் கொண்டுபோக அவரே ஓட்டினார். இறக்கத்தில் பெடல் இறுகியது. கீழே பேருந்து நிறுத்தம் நிறைய ஆட்கள். வண்டியை மண்திட்டில் மோதவிட்டார்; அவர் பிழைக்கவில்லை. ஓட்டியவரின் கவனக்குறைவு என்று காவல் நிலையத்தில் எழுதி முடித்தார்கள்!

போன வாரம் வேன் என்னிடமே திரும்பி வந்தது. கண்ணாடி, பம்பர், பெயிண்ட் என்று ஒரு பட்டியல். அதில் பிரேக் இல்லை. எஞ்சினை ஓடவிட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக ஓடியது. திருகைப் பழையபடி வைத்தேன், குலுங்கியது. பிரேக்கை மிதித்தேன். அதே மூச்சு. காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், இழுத்தது. ஒரு மனிதரை விழுங்கிய பிறகும் அதே நிதானம். பட்டப்பகலில் இறங்கிச் சாலைக்கு ஓடினேன். அங்கே நின்றபோதும் அது என் காதுக்குள் கேட்டது.

திங்கட்கிழமை அதில் பத்தொன்பது பிள்ளைகள் ஏற வேண்டும். ஏறமாட்டார்கள். பூஸ்டரைக் கழற்றி இன்று காலை காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். திருகை முறுக்கியது நான், முறுக்கச் சொன்னது யார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் பட்டறை மூடப்படலாம். தங்கபாய் அக்கா, மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

தோழர்களே, அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று கை தூக்கப் போகிறோம். அதற்கு முன் ஒன்று. குலுக்கலை மறைக்க இதே திருகை நீங்கள் முறுக்கி அனுப்பிய வண்டிகள் இப்போது எந்தச் சாலையில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன? ஒவ்வொருவராக வந்து வண்டி எண்ணைச் சொல்லுங்கள்.

நான் இறங்குகிறேன். ஒலிபெருக்கியை அணைக்க வேண்டாம்.