விருமாண்டியின் ஒரே கோல்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அலங்காநல்லூரிலிருந்து லாரி பிடித்து வந்திருக்கும் ஆட்டக்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விருமாண்டியின் துணைவியார், தங்கை சோலையம்மாள் அவர்களே! எழுபத்தொன்றாம் ஆண்டு நம் கல்லூரிக் கால்பந்து அணியில் லெப்ட் அவுட் ஆடிய கண்ணுச்சாமியின் வணக்கம்.

மேடை ஏறுமுன் தங்கை என்னிடம் சொன்னார்: "அண்ணே, அழுக வச்சிராதீக. அவுகளுக்குப் பிடிக்காது." உத்தரவு, தங்கச்சி!

நமது கேப்டன், நமது ரைட் பேக், நமது விருமாண்டி எப்படிப்பட்டவர்? பந்தைத் தடுப்பார். ஆளைத் தடுப்பார். சில நேரம் என்னையே தடுப்பார்! ஆனால் கோல்? வாழ்நாளில் ஒரே ஒரு கோல். அதையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார்!

அது டிசம்பர் மாதம். எல்லையில் போர். பாதி ஆட்டங்கள் ரத்து. சங்கு ஊதினால் விமானம் வருகிறது என்று பொருள், இருந்த இடத்திலேயே குப்புறப் படுக்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகப் பழக்கியிருந்தார்கள். குழப்பம் வரக்கூடாதென்று பக்கத்து மில்லின் ஷிப்ட் சங்கைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் நடுவே நம் அணி முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இதே மைதானம். எதிரே திருச்சி அணி. அவர்களுடைய கோல்கீப்பர், அதோ ஓரத்து நாற்காலியில் இருக்கும் கொட்டாம்பட்டி சுலைமான்.

இரண்டாம் பாதி. இரு பக்கமும் கோல் இல்லை. திடீரென்று சங்கு! மில்லில் யாரோ பழைய பழக்கத்தில் ஊதிவிட்டார். ஆட்டக்காரர்கள் குப்புற விழுந்தோம். நடுவர் விழுந்தார். வேடிக்கை பார்க்க வந்த ஊரே விழுந்தது. ஒருவர் மட்டும் பந்தோடு ஓடினார்!

ஏன் ஓடினார்? அவருடைய தாயார் அந்த மில்லில் வேலை பார்த்தவர். "எங்க ஆத்தா வேலை முடிஞ்சு வர்ற சங்குடா அது! யாரும் மறிக்கல. அடடா, நமக்கும் ஆட்டம் பிடிபட்டுருச்சேன்னுல நெனச்சேன்!" என்று பிறகு சொன்னார். பந்து வலைக்குள் போனது. கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கட்டிப்பிடிக்க ஒருவரும் இல்லை. மைதானம் முழுக்க முதுகுகள்!

நடுவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் விசில் ஊதவில்லை, கோல் செல்லும்" என்றார். நாங்கள் குதித்தோம். கல்லூரிக்கு முதல் கோப்பை அல்லவா? நம் கேப்டன் என்ன செய்தார்? "வேணாம் சார். படுத்துக் கெடக்குறவன்கிட்டப் போட்டதெல்லாம் கோலா சார்?" என்று சொல்லிப் பந்தைச் சுலைமான் கையில் கொடுத்துவிட்டார். கடைசி நிமிடத்தில் திருச்சி ஒரு கோல் போட்டது. கோப்பை ரயிலேறிப் போனது. அன்று நான் அவரைத் திட்டிய திட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது.

கோப்பை போனாலும் சுலைமான் நமக்குக் கிடைத்தார். வேளாண் அலுவலகத்தில் வேலை கிடைத்து அலங்காநல்லூர் போன விருமாண்டி, மாடு பிடிக்கிற ஊரில் பந்தை உதைக்கச் சொல்லி ஓர் அணியே திரட்டினார்! ஞாயிறுதோறும் சுலைமான் பஸ் ஏறி வந்து கோல் கம்பத்தில் நிற்பார். "அது கோல்தான் மாப்ள, ஒத்துக்க" என்பார். "நீ எந்திரிச்சு நிக்கிறப்பப் போடுறேன் மாப்ள" என்பார் இவர். வருடக்கணக்காக உதைத்தாரே, ஒன்றாவது உள்ளே போனதா? போகவில்லை! போன மாதம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம போட்டுர்றேன் பாரு." அந்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. மன்னிச்சிரு தங்கச்சி.

சற்று முன் சுலைமான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, இனி அவன் வேணாம்னு சொல்ல முடியாது. அந்தக் கோல அவன் பேர்ல எழுதிக்கங்க." எழுதிக்கொண்டோம், சுலைமான்!

அலங்காநல்லூர்ப் பிள்ளைகளே, உங்கள் ஞாயிறு ஆட்டம் நிற்காது. பந்து என் பொறுப்பு. கம்பத்தில் சுலைமான் நிற்பார். இது விருமாண்டியின் படத்துக்கு முன்னால் நாங்கள் தரும் வாக்கு.

இப்போது மில்லில் ஷிப்ட் முடிகிற நேரம். மௌன அஞ்சலி வேண்டாம். அன்று அவர் கையைத் தூக்கியபோது நாமெல்லாம் மண்ணில் கிடந்தோம், கைதட்ட ஆளில்லை. இன்று சங்கு ஊதியதும் ஒருவர் விடாமல் எழுந்து நில்லுங்கள். அதோ, ஊதிவிட்டது! எழுந்திருங்கள்! எல்லோரும் சொல்லுங்கள்!

கோல்!