ஏலத்தில் எடுத்த குலை

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஆப்பிளும் ஆரஞ்சும் டவுன்காரர்கள் பழக்கம். பாறசாலையில் நாங்கள் இரண்டு கருக்கைத் தூக்கிக்கொண்டு போவோம். இளநீரைத்தான் கருக்கு என்கிறோம் சார். நீங்கள் கேட்கும் விஷயம் அதிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் சொன்னேன்.

வக்கீல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

பெயர் எலியா. அம்பூரியில் ரப்பர் தோட்டம், பாறசாலையில் வீடு, சபையில் கமிட்டி மெம்பர். முதல் மனைவி இறந்து வெகுகாலமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஐம்பத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் திருவனந்தபுரத்தில் டயாலிசிஸ். மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கும்போது பக்கத்துக் கட்டிலில் பேசுவதெல்லாம் காதில் விழும்.

பக்கத்துக் கட்டிலில் அபிஜித். இருபத்தெட்டு வயது, பெயிண்டிங் வேலை, நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே வீடு. கூட வருவது அக்கா லிஷா. துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள், கல்யாணம் ஆகாதவள். தண்ணீருக்கும் அளவு உண்டு என்பதால் தம்பிக்குக் கிளாஸில் கோடு போட்டு அளந்து கொடுப்பாள். கருக்கு, வாழைப்பழம், சக்கை என்கிற பலா எதையும் அவன் கண்ணில் காட்டமாட்டாள். கிட்னி கெட்டவர்கள் உடம்பில் பொட்டாசியம் தங்கிவிடும், கூடினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள் வேதவசனம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒருநாள் நான் மட்டிப்பழம் உரித்தபோது எனக்கும் திட்டு விழுந்தது.

"பெரியவரே, அதை அங்க வையும். சாவுறதுக்கு வேற வழி இல்லியா?"

நல்ல பெண் என்று அன்றே தோன்றியது.

அவள் ரத்த குரூப்பும் என் குரூப்பும் ஒன்று என்று பிறகு தெரிந்தது. ஒரு நர்ஸிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "டெஸ்ட் எல்லாம் இனிமேதான். ஆனா எனக்க கிட்னி எனக்க தம்பிக்காக்கும். ஆபரேஷனுக்குள்ள பைசாவுக்குத்தான் வழியில்ல." நான் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிட்னியை விலைக்கு வாங்கச் சட்டம் விடாது. ரத்த சொந்தம் கொடுக்கலாம், மனைவி கொடுக்கலாம். எனக்கு ரத்த சொந்தம் என்று இருப்பது மார்த்தாண்டத்தில் உள்ள அக்கா மட்டும், அவளுக்குச் சர்க்கரை. ஆகவே பெண் கேட்டுப் போனேன். லிஷாவின் அம்மா சுகிர்தபாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் மூடி மறைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அபிஜித்தின் வைத்தியமும் ஆபரேஷனும் என் பொறுப்பு என்றேன். லிஷா சரி என்றாள். அவளுக்குத் தம்பி பிழைக்க வேண்டும், எனக்குக் கவனிக்க ஆள் வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு செய்த கல்யாணம். கிட்னியைப் பற்றி நான் பேசவில்லை. அதைக் கல்யாணப் பேச்சில் பேசுவது நன்றாக இருக்காது.

சபையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது முகாந்திரம் உண்டா என்று போதகர் கேட்பார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நான் நல்ல கணவன், சார். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். குரலை உயர்த்தியதில்லை. அவளைக் கடை வேலைக்கு அனுப்பவில்லை. அபிஜித்தை டயாலிசிஸுக்குக் கூட்டிவர என் காரே போகும், இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம். அவன் என்னை அத்தான் என்பான், நான் மக்கா என்பேன். திரும்பி வரும்போது வண்டியில் என் தோளில் தூங்கிவிடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஆனால் நாள் போகப் போக என் உடம்பு தளர்ந்தது. மிஷினிலிருந்து இறங்கினால் கால் தரையில் நிற்காது. எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம், ராத்திரி கையைப் பார்த்து இது எத்தனை நாள் என்று நினைக்கிற பயம். அப்போதுதான் லிஷா சொன்னாள்.

"கேட்டியளா, அறுப்பின் பண்டிகை கழிஞ்சட்டு நம்ம ஒரு காரியம் பேசணும். ஆபரேஷன் காரியமாக்கும்."

தம்பியின் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஒரு கிட்னி, இரண்டு பேர். நியாயமாகவே யோசித்தேன். என்னை நம்பித் தோட்டத்தில் எட்டுக் குடும்பம் இருக்கிறது. அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. செலவு செய்வதும் நான்.

அறுப்பின் பண்டிகை உங்களுக்குத் தெரியும். விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து ஆல்டரின் முன்னால் படைப்பார்கள். வாழைக்குலை, சேனை, சேவல், கருக்குக் குலை. போதகர் ஜெபித்து ஆசீர்வதித்தபின் வெளியே பந்தலில் ஏலம். வசதியுள்ளவர்கள் ஒன்றுக்குப் பத்தாகக் கேட்டு எடுத்து, இல்லாதவர்களுக்கோ நோயாளிகளுக்கோ கொடுத்துவிடுவது வழக்கம். அன்று காலை லிஷாவை மார்த்தாண்டத்துக்கு அனுப்பியிருந்தேன். என் அக்காவுக்குக் கால் முறிந்திருந்தது, அது நிஜம். நான் ஏலத்தில் ஒரு சேவலும் ஒரு சேனையும் எடுத்து உபதேசியார் வீட்டுக்குக் கொடுத்தேன். கடைசியாக ஒரு செவ்விளநீர்க் குலையை, போட்டிக்குக் கேட்டவர்கள் வாயடைக்கும் விலைக்கு எடுத்தேன். பந்தலில் கைதட்டினார்கள். குலையைக் காரில் வைத்து நேராக லிஷாவின் அம்மா, என் மாமி வீட்டுக்குப் போனேன்.

நல்ல வெயில். அபிஜித் வாசலில் கிடந்த கட்டிலில் உதட்டை நனைத்துக்கொண்டு கிடந்தான். டயாலிசிஸ் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது, அடுத்தது செவ்வாய்க்கிழமை. குலையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தான், ஒண்ணு வெட்டுங்க. தொண்டை வறண்டு கிடக்கு."

மாமிதான் தயங்கினார். "கருக்கு குடுக்கப்பிடாதுண்ணு லிஷா படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காளே, மருமவனே."

"மாமி, இது ஆல்டர்ல வச்சு ஜெபிச்சதாக்கும்" என்றேன். "நானும் அதே சீக்குக்காரன் தானே. நான் குடிக்கிலியா?"

ஒன்றை வெட்டச் சொல்லி, ஒரு வாய் குடித்துக் காட்டினேன். ஒரு வாய்தான். மாமிக்கு முகம் தெளிந்தது. கருக்குத் தண்ணியில் என்ன தோஷம் இருக்க முடியும் என்று அவர் மனதில் எப்போதும் உண்டு, நம் ஊரில் யாருக்குத்தான் இல்லை? பெற்ற பிள்ளை தாகத்தில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வெட்டிக்கொடுத்தது அவர், குடித்தது அவன். நான் அரிவாளைத் தொடவில்லை. புறப்படும்போது, "இன்னும் தாகிச்சா குடுங்க மாமி. லிஷாட்ட சொல்லாண்டாம், ஏசுவா" என்றேன்.

அபிஜித் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் விடியுமுன் அவன் இதயம் நின்றுவிட்டது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இப்படி நடப்பது உண்டு என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமி வாயைத் திறக்கவில்லை. தன் கையால் கொடுத்தது என்ற பயம் அவருக்கு. அடக்கத்தில் நான் அழுதேன் சார். அது நடிப்பில்லை.

நான் லிஷாவிடம் எதையும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து அவளாகவே, "நான் தாறேன், நீங்களாவது இருங்க" என்றாள். ஆஸ்பத்திரிக் கமிட்டி அவளைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தது. ஆரும் நிர்பந்திச்சில்ல என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வந்தாள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. இப்போது எனக்கு நல்ல பசி, நல்ல தூக்கம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபின் மாமி பார்க்க வந்தார். வழக்கம்போல இரண்டு கருக்கோடு. லிஷா வாங்கி வைத்து, "இனி இவருக்குக் குடுக்கலாம் அம்மா, டாக்டர் சொல்லியாச்சு. முன்னே குடிச்சிருந்தா ஆளு போயிருக்கும்" என்றாள். மாமியின் வாயிலிருந்து ஏலம், ஜெபம், நான் குடித்துக் காட்டியது எல்லாம் அழுகையோடு வெளியே வந்தது.

லிஷா வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதன்பிறகு அவள் சொன்னதை உங்களிடமும் சொல்லியிருப்பாள். நான் கேட்டபடியே சொல்கிறேன்.

"எனக்க கிட்னி அவனுக்குச் சேராதுண்ணு கல்யாணத்துக்க முன்னேயே டெஸ்டுல தெரிஞ்சாச்சு. அம்மைக்கதாக்கும் சேரும். அம்மைக்கு பிரஷர் கொறையட்டுண்ணு காத்திருந்தோம். முன்னே சொன்னா நீங்க எனக்கதைக் கேப்பிய, உங்க காரியம் முடிஞ்சா அவனை மறந்துருவியளோண்ணு பயம். பண்டிகை கழிஞ்சட்டு அதைத்தான் பேச இருந்தேன். அம்மை அவனுக்கு, நான் உங்களுக்கு. ரெண்டு பேரும் இருந்திருப்பிய."

அன்றே அவள் அம்மாவோடு போய்விட்டாள். பிறகு உங்களிடம் வந்தாள்.

மாமி இப்போது ஊரெல்லாம், மகனைத் தானே கொன்றுவிட்டேன் என்று மாரில் அடித்துக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. எழுதிக்கொள்ளுங்கள். அபிஜித்தைக் கொன்றது நான். தெரிந்தே கொடுத்தேன், சாகட்டும் என்றே கொடுத்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அவளுடையது தம்பிக்குச் சேராது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பையன் இன்று உயிரோடு இருப்பான். நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? இதை மறைத்துவிட்டாளே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது சார்.